ஆர்கன் வேலூருக்குப் போக எழுபத்தைந்து ரூபாய் ஆன விதம்

சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர் கண்டோன்மெண்ட்,
24 ஆகஸ்டு 1936

வேலூர் கோயிலின் ஆர்கன் வாத்தியாரும் சகல மரியாதைக்கும் உரியவருமான ஸ்ரீமான் ரெமிஜியஸ் அவர்கள் சமூகத்துக்கு, மதலைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

முதலில் ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் எழுதினேன். ஆனால் நாம் இனிமேல் சம்பந்திகளா இல்லையா என்பதையே தாங்கள் கடிதத்தில் கேட்டிருப்பதால், அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தேன். இதைப் படித்து முடித்ததும் தங்களுக்குத் திருப்தியாக இருந்தால், மேலே விட்டிருக்கும் இடத்தில் தாங்களே அந்த வார்த்தையைப் போட்டுக்கொள்ளலாம். இங்கே நானும் என் மனைவி பியாட்ரிஸும் மகள் நோராவும் தேவகிருபையால் சுகம். அங்கே தாங்களும் தங்கள் சம்சாரமும், மாப்பிள்ளை என்று எழுத வந்து என் கை தயங்கி நின்றுவிட்ட சிரஞ்சீவி நோயலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். தங்கள் தம்பி டென்சில் அவர்களின் இடுப்பு வலி எப்படியிருக்கிறது என்பதைத் தனியாக எழுதவும். லாரியின் முன் ஸீட்டில் நூற்று முப்பது மைல் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த வலி ஒரு மாதமாவது இருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

தங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலே வரிகள். கோயில் ஆர்கனை பெங்களூரிலிருந்து வேலூருக்குக் கொண்டுவர கோயில் கணக்கில் ஆறு ரூபாய்தான் அனுமதி என்பது முதல் வரி. லாரிக்காரன் வாங்கியது எழுபத்தைந்து ரூபாய் என்பது இரண்டாவது. மீதி அறுபத்தொன்பதும் தங்கள் கையைவிட்டுப் போயிற்று என்பது மூன்றாவது. ரசீதின் அடியில் ‘எஸ். மதலைமுத்து’ என்று கையெழுத்திட்டிருக்கும் ஆசாமி நான்தானா, அப்படியானால் பெண் கொடுக்கப்போகிற வீட்டில் இப்படித்தான் கறப்பார்களா என்பது நாலாவது. எழுபத்தைந்தின் கீழே சிவப்பு மசியால் மூன்று கோடு. பியாட்ரிஸ் அதைப் படித்துவிட்டு, மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பேசினாள். பேசாமலிருந்ததே தேவலை என்று தோன்றியது. அந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல என்று எழுதிவிடலாமா என்று ஒரு யோசனை வந்ததையும் தங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நோரா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பது தாங்கள் அறிந்ததே.

“அப்பா, நடந்ததை அப்படியே எழுதிடுங்க. நீங்க மறைச்சு எழுதி அதை அவங்க நம்பிட்டாங்கன்னா, அந்த வீட்டுல நான் ஆயுசு பூரா அந்தப் பொய்யோட குடும்பம் நடத்தணும்,” என்றாள்.

ஆகையால் அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

நான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். அங்கே சரக்குக்கு எவ்வளவு வாங்குவது என்று எவனும் யோசிக்க வேண்டியதில்லை. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. கருவாடா, இந்தப் பக்கம். பித்தளைப் பாத்திரமா, அந்தப் பக்கம். எத்தனை மணங்கு, எத்தனை மைல், விரலை வைத்துத் தேடினால் ரூபாய் அணா பைசா வரை அச்சில் இருக்கும். எதிரே நிற்பவர் ஜமீன்தாரா கூலிக்காரரா என்று தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. ரிடையரான மறுமாதம், வீட்டில் அரிசி அளக்கும்போதும் நான் பக்கத்தில் நின்று எடை சொல்வதாகப் பியாட்ரிஸ் குறைப்பட்டுக்கொண்ட சமயத்தில், அடுகோடிப் பேட்டையில் லாரி வைத்திருக்கும் ஸ்ரீகண்டன் என்கிற வாலிபன் வீடு தேடி வந்தான். மெட்ராஸ், மைசூர், வேலூர் எங்கே வேண்டுமானாலும் ஒரே நாளில் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கும் ‘அவசர லாரி சர்வீஸ்’ ஆரம்பித்திருப்பதாகவும், ரேட்டு போடுவதற்கு என்னைப்போல் அனுபவஸ்தர் ஒருவர் வேண்டுமென்றும் சொன்னான். நான் யோசிப்பதற்குள் பியாட்ரிஸ் என் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நான் அங்கே போய்ச் செய்த முதல் காரியம், ரயில்வே புத்தகத்திலிருந்து ரேட்டுகளை ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்ததுதான். மூன்றாம் நாள் ஒரு மூங்கில் கூடை வியாபாரி வந்தார். கோழி அடைக்கிற கூடைகள், மைசூருக்கு அவசரம். எடை போட்டேன், எல்லாம் சேர்ந்து ஐந்து மணங்குகூட இல்லை. நாலு ரூபாய் என்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. கூடைகளை ஏற்றி முடித்தபோது லாரியில் தட்டு நிறைந்து, கூரைக்கு மேலும் ஆள் உயரத்துக்குக் கூடை நின்றது. வேறு சரக்குக்கு ஒரு சாண் இடமில்லை. மைசூர் போகிற வழியில் ஒரு புளிய மரத்தடியில் மேல் வரிசை முழுவதும் கழன்று விழுந்து, அதைப் பொறுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். பெட்ரோலுக்கு மட்டும் இருபது ரூபாய் செலவு, வரவு நாலு. எடையைப் பார்த்தேனே தவிர இடத்தைப் பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டு, மறுவாரம் வந்த இரும்புப் பெட்டிக்கு இடத்தை அளந்து ரேட்டு சொன்னேன். மூன்றடிக்கு இரண்டடிதான். ஒன்றரை ரூபாய். அது ஏறிய உடனே லாரியின் பின் ஸ்பிரிங் பட்டையில் இரண்டு முறிந்தன. அந்தப் பட்டைகளின் விலையைத் தங்களுக்கு எழுதினால் இந்தக் கடிதத்தில் தாங்களும் சிவப்பு மசியால் கோடு போடுவீர்கள்.

ஸ்ரீகண்டன் நல்ல பையன். கோபப்படவில்லை. பட்டறை வாசலில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொன்னான். என் மகன் வயதுதான் அவனுக்கு. நான் நின்றுகொண்டு கேட்டேன்.

“சார், வெயிட்டையும் பாக்காதீங்க, நீளம் அகலமும் பாக்காதீங்க. சரக்கு எவ்வளவு கனம்ங்கிறது நமக்கெதுக்கு? அது நேரத்துக்குப் போய்ச் சேரலேன்னா அந்த ஆளுக்கு எவ்வளவு கனமா இருக்கும்? ஸ்வல்ப மூஞ்சியைப் பாருங்க, அதுல எழுதியிருக்கும். ஆனா ஏன் எதுக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கேட்டா உங்க மனசு இளகும், ரேட்டு பூரா இறங்கிடும்.”

முப்பத்தொரு வருஷம் நிமிர்ந்து பார்க்காதவன் அன்றிலிருந்து நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அது ஒரு தனிக் கல்வி. நடந்து வருகிறவருக்கு ஒரு ரேட்டு, ஜட்கா பிடித்து வருகிறவருக்கு ஒரு ரேட்டு. வாசலிலேயே கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு ரூபாய் கூடுதல். குடிக்கத் தண்ணீர் கேட்டால் மூன்று. முதலில் ரயிலுக்குப் போய்விட்டு அங்கே முடியாது என்றதால் இங்கே வந்ததாகச் சொல்லிவிட்டால், அதற்குமேல் நான் எதைச் சொன்னாலும் அதுதான் ரேட்டு.

தங்கள் தம்பி பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஜட்காவில் வந்து இறங்கினார். இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் பார்சல் ஆபீஸில் பெட்டியடித்துக் கொண்டுவந்தால்தான் எடுப்பார்களாம், திங்கட்கிழமைதான் சேருமாம் என்று உட்காருவதற்குள் சொல்லிவிட்டார். தண்ணீர் கேட்டார். குடிப்பதற்குள், “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைங்க, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அது வேலூர்ல இருக்கணும்,” என்றார். சம்பந்தி அவர்களே (பழக்கதோஷத்தால் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்), தங்கள் தம்பிக்கு லாரி ஆபீஸில் பேசக்கூடாத வார்த்தைகள் அனைத்தும் மனப்பாடமாக இருக்கின்றன. பெண் பார்க்கத் தாங்கள் வந்தபோது அவர் நாகபுரியில் உத்தியோகத்தில் இருந்தாரென்பதால் எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. புக்கிங் பாரத்தில் ‘டி. ராஜ்’ என்று மட்டும் எழுதினார். சேரவேண்டிய இடம் வேலூர் கோயில் என்றதும் தங்கள் ஞாபகம் எனக்கு வராமலில்லை. வந்தது. நம் நோரா வாழப்போகிற ஊர் ஆயிற்றே என்றுதான், எழுபத்தாறு என்று வாயில் வந்ததை எழுபத்தைந்தாகக் குறைத்தேன். ஜட்காவிலிருந்து இறக்கிய ஆர்கனைத் தங்கள் தம்பி துணியால் சுற்றி, ஒரு குழந்தையைப் போல் அதை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். யாருடையது, எதற்காக இத்தனை அவசரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ‘என் அண்ணன் ரெமிஜியஸ் வாசிக்கிறது’ என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். நாற்பது ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, பாக்கி முப்பத்தைந்தை வேலூரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவேண்டியது என்று கையெழுத்திட்டேன்.

இப்போது எழுபத்தைந்து எப்படி ஆயிற்று என்ற கணக்கு. மற்ற சரக்குகள் சேர்ந்து லாரி நிறையும் வரை மூன்று நாள் காத்திருக்கலாமென்றால், ஐந்து மணங்கு ஆர்கனுக்கு ஐந்து ரூபாய்தான். காத்திராமல் புறப்படு என்றால், ஆர்கன் ஒன்றே ஒன்றுதான் சரக்கு. முழு லாரியின் செலவும் அதன் தலையில் விழுகிறது. அதோடு லாரி வேலூரிலேயே குடித்தனம் நடத்தமுடியாது, திரும்பி வரவேண்டும்; அவசரமாகப் போகிற லாரிக்குத் திரும்பும்போது சரக்கு கிடைக்காது, வெறுமனேதான் வரும். ஆகையால் இருநூற்று அறுபது மைலுக்குப் பெட்ரோல் முப்பத்துநாலு ரூபாய் இரண்டணா. டயர், எண்ணெய், தேய்மானம் எட்டு ரூபாய் இரண்டணா. டிரைவர், கிளீனர் படி நாலு ரூபாய். மெட்ராஸ் ராஜதானிக்குள் நுழைகிற வரியில் எங்கள் பங்கு இரண்டு ரூபாய் பன்னிரண்டணா. ஆகமொத்தம் நாற்பத்தொன்பது ரூபாய். அதன்மேல் ஸ்ரீகண்டனுக்கும் எனக்கும் லாபம் பத்து. ஐம்பத்தொன்பது. நோரா இரண்டு முறை கூட்டிப் பார்த்துச் சரி என்றாள். பிறகு, மீதிப் பதினாறு எதற்கு என்று கேட்டாள். ஜட்கா, கடிகாரம், பார்சல் ஆபீஸ், தண்ணீர், ‘எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை’ என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தவள், நடுவில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்குப் போட்ட பிள்ளைகளையும் அவள் அடிப்பதில்லையாம். இப்படிப் பார்ப்பதோடு சரியாம். அது எப்படியிருக்கும் என்று சனிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிரயாணத்தில் நடந்தது முழுவதும் தங்கள் தம்பி சொல்லியிருக்கமாட்டார் என்பது என் ஊகம். எங்கள் டிரைவர் கிளாரன்ஸ் சொன்னதை எழுதுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்ட லாரியை அத்திப்பள்ளிச் சாவடியில் நிறுத்தினார்களாம். வாத்தியம் புதிதா பழசா, விற்பனைக்கா, சொந்தத்துக்கா என்று கேள்வி. பழசு, ரிப்பேருக்கு வந்தது, கோயிலுடையது என்று தங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். ரிப்பேர்க்காரர் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கிவைத்திருந்ததால் சாவடி அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. கோயில் ஆளென்றால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் முப்பது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறவர் என்றாலும் தம்பிக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டாம், அதுவும் கிறிஸ்துமஸ் பாட்டாம். ஆகஸ்டு மாதம் காலை ஆறரை மணிக்கு, லாரித் தட்டில் நின்றபடியே அதை வாசித்திருக்கிறார். கிளீனர் குனிந்து கையால் பெடலை அமுக்கியிருக்கிறான். அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துப்போய், வீட்டிலிருந்து சம்சாரத்தையும் குழந்தைகளையும் கூப்பிட்டனுப்பி, அவர்கள் வந்து சேரும் வரை லாரியை விடவில்லை. ஒரே பாட்டு ஐந்து தடவை. ஒன்றரை மணி நேரம் போயிற்று. லாரியைக் காக்கவைத்தால் மணிக்கு ஒரு ரூபாய் வாங்கவேண்டுமென்று எங்கள் நோட்டில் இருக்கிறது. அதை நான் தங்களிடம் வாங்கவில்லை என்பதை மட்டும் அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன்.

கிருஷ்ணகிரி தாண்டி டயர் பஞ்சராகி இரண்டு மணி நேரம். ஆம்பூரில் சந்தைக்கு வந்த ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு அரை மணி. தங்கள் தம்பி இறங்கி, தாமே ஆடு ஓட்டியிருக்கிறார். அதற்குமேல் அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாராம். அப்போதுதான் கிளாரன்ஸ், நாங்கள் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறான். டிரைவர்களுக்கு எங்கள் தொழில் தர்மம் தெரியாது. தங்கள் தம்பி சொல்லியிருக்கிறார்: பிஷப் மேற்றிராணியார் ஐந்து மணிக்கு வருகிறார், புதுச் சாமியாருக்கு ஆர்கன் வாத்தியாரை மாற்றவேண்டும் என்று நினைப்பு, இந்த மாதா திருநாளுக்கு ஆர்கன் இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து வேறொருவரை உட்காரவைத்துவிடுவார், அண்ணன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கிளாரன்ஸ் அதற்குப்பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லையாம். நாலு இருபதுக்குக் கோயில் வாசல். ஆர்கன் மேலிருந்த புழுதியை அவன் தன் சட்டையைக் கழற்றித் துடைத்தான். தாங்கள் அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பாக்கி முப்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தீர்கள். அவன் உடனே கிளம்பவில்லை. மேற்றிராணியார் உள்ளே வரும்போது தாங்கள் வாசித்ததை, வெறும் பனியனோடு கோயில் மதிலருகே நின்று கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

“நான் எவ்வளவோ சரக்கு இறக்கியிருக்கேன் சார். இறக்கின சரக்கு பாடி நான் கேட்டதில்லை,” என்றான்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது திருநாளுக்கு மறுநாளே. அப்போதும் ஆர்கன் வாத்தியார் தாங்கள்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைக்காததுதான் இப்போது உறுத்துகிறது. தங்கள் கடிதம் வந்த பிறகு நான் வெட்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த மனிதர் எனக்கு யாரோ எவரோவாக இருந்திருந்தால், இரண்டு நாள் சாப்பிடாத ஒருவருக்காக ஓடி வந்த தம்பியின் முகத்தைப் பார்த்துப் பதினாறு ரூபாய் வாங்கிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் அல்லவா? ரயில்வேயில் எவன் முகத்தையும் பார்க்காமல் இருந்தேன். இங்கே முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்; பார்த்ததை வைத்து என்ன செய்வது என்பதில்தான் தவறிவிட்டேன். இதை பியாட்ரிஸிடம்கூட இன்னும் சொல்லவில்லை. தங்களிடம் முதலில் சொல்கிறேன்.

ஆகையால் பதினாறு ரூபாயை மணியார்டரில் இன்றே அனுப்புகிறேன். ஐம்பத்தொன்பது நியாயமான ரேட்டு. அதில் ஓரணா குறைக்கமுடியாது என்பதைத் விவேகியான தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள். ஸ்ரீகண்டனிடமும் பேசிவிட்டேன். இனி ரேட்டைச் சொல்வதற்கு முன் காரணத்தைக் கேட்போம் என்றேன். அப்படியானால் வாரத்துக்கு ஒரு காரணம்தான் கேட்கவேண்டும், அதற்குமேல் லாரி தாங்காது என்றான். சம்மதித்தேன்.

இன்னொரு விஷயம், கோபிக்கக்கூடாது. பெண் பார்க்க வந்த அன்று, சீர்வரிசை பற்றி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டதற்குத் தாங்கள் புன்னகையோடு, ‘எல்லாம் உங்கள் இஷ்டம்’ என்றீர்கள். அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. இந்தத் தொழிலில் ஆறு மாதம் இருந்துவிட்ட பிறகு, ‘உங்கள் இஷ்டம்’ என்பதைவிடப் பெரிய ரேட்டு உலகத்தில் இல்லை என்று தெரிகிறது. தாங்களும் என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னீர்கள்? தாங்கள் ஒரு தொகையை எழுதினால் நானும் பெட்ரோல், தேய்மானம் எல்லாம் போட்டுப் பார்த்து, நோராவை விட்டுக் கூட்டச் சொல்வேன்.

தேவமாதா தங்கள் குடும்பத்தையும், தங்கள் கைவிரல்களையும், அந்த ஆர்கனின் துருத்தியையும் நெடுநாள் காப்பாளாக. தங்கள் சம்சாரத்துக்குப் பியாட்ரிஸின் அன்பான விசாரிப்புகள். சிரஞ்சீவி நோயலுக்கு என் ஆசீர்வாதம். நோரா ஒன்றும் சொல்லியனுப்பவில்லை, ஆனால் இந்தப் பத்தியை எழுதும்போது மட்டும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
எஸ். மதலைமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் மண்டி குமாஸ்தா லாரி ஆபீஸுக்கு வந்துவிட்டுப் போனார். போன தடவை போலவே பெங்களூருக்குத் தோல் ஏற்ற லாரி வேண்டும், அதே முப்பது ரூபாய்தானே என்று கேட்டார். விசாரித்ததில், தங்கள் ஆர்கனை இறக்கிவிட்டு வந்த எங்கள் லாரி வெறுமனே திரும்பவில்லை, வாணியம்பாடியில் தட்டு நிறையத் தோல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆகையால் திரும்புகிற பெட்ரோல் பற்றி நான் மேலே எழுதியதையும், ஓரணா குறைக்கமுடியாது என்று எழுதியதையும் தயவுசெய்து படிக்காததாகப் பாவித்துக்கொள்ளவும். திரும்பி வந்த பெட்ரோல் பதினேழு ரூபாய் ஓரணாவையும் சேர்த்து முப்பத்துமூன்று ரூபாய் ஓரணா அனுப்பவேண்டுமென்று நோரா கணக்குப் போட்டுவிட்டாள். ஆனால் நான் மணியார்டர் செய்திருப்பது இருபத்தெட்டு ரூபாய் ஓரணாதான். வேலூருக்குப் போகிற வழியிலேயே அந்தத் தோல் மண்டியில் இறங்கிச் சீட்டு எழுதிக் கொடுத்து, எங்கள் லாரியைப் பேசிவிட்டு, தரகு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டவர் ‘டி. ராஜ்’ என்று குமாஸ்தாவின் நோட்டில் கையெழுத்து இருக்கிறது. அந்த ஐந்தைத் தங்கள் தம்பியிடமிருந்து தாங்களே வாங்கிக்கொள்ளவும். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டாம். இடுப்பு வலி என்பார்.